ஏறியது, தெரியவில்லை

அந்த அறையில் நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் என்றுதான் தோன்றுகிறது. எத்திராஜ் அரை மணி நேரம் என்கிறார். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர். நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். ஆகவே அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். மற்ற விவரங்களிலும் நான் தவறியிருக்கக்கூடும்.

எங்களுடையது அடுகோடியில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய நிறுவனம். தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தயாரிக்கிறோம். தலையில் விஆர் ஹெட்செட்டை மாட்டினால் கண் முன்னால் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் மெஷின் நிற்கும். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று அதில் பழகிக்கொள்ளலாம். தவறினால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். இந்தச் செயலியை உருவாக்கியது தாரணி. ஆரணிப் பெண், இருபத்தாறு வயது. அதில் ஒலிக்கும் வசனங்களை எழுதுவது என் வேலை.

எத்திராஜ் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் இருந்தவர். முந்தைய ஆண்டு அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அதன்பிறகு அவரை என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பாதுகாப்பு அதிகாரி அச்யுத் ஒரு வழி கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் ஒரு பயிற்சி அறை திறந்தால், எத்திராஜையே அதற்குப் பயிற்சியாளராகப் போட்டுவிடலாம். புனேயிலிருந்து தலைமை அலுவலகத்தார் ஒரு நாள் காலை வருவார்கள். பதினோரு மணிக்கு ஹெட்செட்டை மாட்டிப் பார்ப்பார்கள். பிடித்தால் எத்திராஜுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை அச்யுத் எங்களிடமும் மறைக்கவில்லை, எத்திராஜிடமும் மறைக்கவில்லை.

செயலியில் தமிழில் பேசும் குரல் எத்திராஜுடையது. ஒலிப்பதிவின்போது நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து அவர் சிரித்தார். "ஐயம் ஏற்படின் இயந்திரத்தை நிறுத்தவும்" என்று எழுதியிருந்தேன்.

"சார், இத நான் படிச்சி முடிக்கறதுக்குள்ள அவனுக்கு மீதி வெரலும் போயிடும்" என்றார். அவரே மாற்றிச் சொன்னார். அதைத்தான் பதிவு செய்தோம்.

நாங்கள் வழக்கமாகச் சோதித்துப் பார்ப்பது பழைய ஹெட்செட் ஒன்றில். அதன் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. கிளம்பும்போது முதலாளி ஹரிஷ்குமார் புதியதை எடுத்து நீட்டினார். "இத எடுத்துட்டுப் போங்க. பூஜ போட்டது. ராசியா இருக்கும்."

தாரணி மறுக்கவில்லை. "ஏத்தறதுக்கு ரெண்டு நிமிஷம் சார்" என்றாள் காரில். எங்கள் செயலி ஹெட்செட்டுக்குள் இருக்கும் செயலிக் கடையில் கிடைக்காது. லேப்டாப்பிலிருந்து கேபிள் போட்டு நாமே ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றியவை பட்டியலில் ஒரு தனிப் பிரிவில் தெரியும். பழையதில் நூறு முறை செய்த வேலை.

பத்து மணிக்கு முன்பே தொழிற்சாலையின் சந்திப்பு அறையில் உட்கார்ந்துவிட்டோம். தாரணி கேபிளைச் செருகினாள், ஏற்றினாள், ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டாள். காற்றில் விரலால் எதையோ தள்ளினாள். திரும்பவும் தள்ளினாள். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சக்சஸ்னு வருது சார். உள்ள போய் பாத்தா இல்ல."

"அந்தத் தனிப் பிரிவுல பாத்தியா?"

"அந்தப் பிரிவே காலியா இருக்கு."

கேபிளை மாற்றினாள். ஹெட்செட்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். செயலியை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் லேப்டாப் தயங்காமல் வெற்றி என்றது. ஒவ்வொரு முறையும் ஹெட்செட்டுக்குள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இல்லை என்று லேப்டாப் சொல்லியிருந்தால் ஏன் இல்லை என்று தேடலாம். ஆம் என்று சொல்லிவிட்டுக் கையை விரிப்பதை என்ன செய்வது? தாரணியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னாம்மா சொல்லுது?" என்று எத்திராஜ் கேட்டார். அன்றைக்கென்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்திருந்தார்.

"சக்சஸ்னே சொல்லுதுண்ணா."

"எனக்கும் ஆபரேஷன் சக்சஸ்னுதான் சொன்னாங்க" என்று அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "வெரலு மட்டும் லிஸ்டுல வரல."

தாரணி சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது.

அச்யுத் இரண்டாவது முறையாகக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். மைசூர்க்காரர், தமிழ் நன்றாக வரும், நடுவில் கன்னடம் கலக்கும். "ஆயித்தா மேடம்?"

"அஞ்சே நிமிஷம் சார்."

"போன தடவயும் அஞ்சு நிமிஷம்தான் சொன்னீங்க. அவங்க கேன்டீன்ல காப்பி குடிக்கறாங்க. நான் எஷ்டு காப்பி குடுக்கறது?"

கதவு மூடியது. தாரணி மறுபடி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசினாள். "லாகின் ஆகுது. என் பேரு வருது. என் ஃபோட்டோ வருது. சனியன், நான் ஏத்துனது மட்டும் வரல."

என் பேரு என்று அவள் சொன்ன அந்த நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் அதை முதலில் தொடுவது ஹரிஷ்குமாரின் அக்கா ஜெயலட்சுமி. அவர் கைராசியில்தான் தொழில் நிற்கிறது என்று ஹரிஷ் உறுதியாக நம்புகிறார். அந்த வருட ஆயுத பூஜையன்று மூன்று பொருட்கள் புதிதாக வந்திருந்தன: ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இந்த ஹெட்செட். நான் ஜன்னலோரம் ஒரு புத்தகத்தோடு இருந்தேன். ஹெட்செட்டின் பட்டையில் அக்காவின் மல்லிகைச் சரம் சிக்கிக்கொண்டதும், எல்லோரும் சிரித்ததும் நினைவிருக்கிறது. பிறகு ஹரிஷ் சொன்னது: "இரு அக்கா, உன் பேர்லயே போட்டுடறேன். உன் போனக் குடு." அதைச் சொன்னபோது அவர் கையில் இருந்தது ஹெட்செட்டா, புதிய கம்ப்யூட்டரின் மவுஸா? நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அது ஹெட்செட் என்றால் எல்லாம் விளங்கிவிடும். அதன் உரிமையாளர் அக்கா. தாரணி பின்னால் சேர்ந்த இன்னொரு ஆள், அவ்வளவே. கேபிள் வழியாக ஏறுவது உரிமையாளரின் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டு, தாரணியின் கணக்கில் தலைகாட்டாமல் இருக்கலாம்.

இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வாரம் முன்னால் கன்னட ஒலிப்பதிவு ஒன்று முடிந்துவிட்டது என்று நான் அடித்துச் சொல்லி, தாரணி ஒரு நாள் முழுக்கத் தேடினாள். அப்படி ஒரு பதிவே நடக்கவில்லை. "உங்க ஞாபகத்த நம்பி ஒரு நாள் போச்சு சார்" என்றாள். அது என்னைக் குத்தியிருந்தது. இப்போதும் தவறென்றால்? வாடிக்கையாளரின் இடத்தில், முதலாளியின் அக்காவைக் காரணம் காட்டி? இன்னும் கொஞ்சம் நிச்சயமாகட்டும் என்று அந்தப் பூஜை நாளை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மல்லிகைச் சரம் தெளிவாகத் தெரிந்தது. ஹரிஷின் கை மட்டும் தெரியவில்லை. வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது, நெடுநேரம்.

ஹரிஷுக்கு இரண்டு முறை போன் செய்து பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எடுக்கவில்லை. அது பேசாமல் இருந்தபோதா, பேசிய பிறகா என்பதுகூட இப்போது குழப்பமாக இருக்கிறது.

பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள், நான்கு பேர். அச்யுத் சமாளித்தார். தாரணி லேப்டாப்பைத் திருப்பிச் செயலியின் வீடியோவைப் போட்டாள். அவர்களில் மூத்தவர் அரை நிமிடம் பார்த்தார். வீடியோ எங்களிடம் நிறைய இருக்கிறது, தலையில் மாட்டிப் பார்க்கலாம் என்றுதான் வந்தோம் என்று இந்தியில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. தாரணி ஹெட்செட்டை மறுபடி அணைத்துப் போட்டாள். அவர்கள் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்திராஜ் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர்கள் கைகுலுக்கிவிட்டு வெளியே போனார்கள். அச்யுத் அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

கதவு மூடிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தாரணி, அது ஜெயலட்சுமி அக்கா பேர்ல இருக்கோ என்னவோ."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பூஜை நாளைப் பற்றிச் சொன்னேன். அவள் உடனே அக்காவுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தாள்.

"ஆமாம்மா, என் பேருதான்" என்றது அக்காவின் குரல், பின்னால் குக்கர் விசிலோடு. "நாலு நம்பர் கேட்டான். எங்க கல்யாண வருஷத்தப் போட்டேன். தொண்ணூத்தி மூணு. ஏம்மா, நல்லபடியா நடந்துச்சா?"

"நடக்குதுக்கா" என்று சொல்லி தாரணி போனை வைத்தாள்.

அக்காவின் கணக்கைத் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தனிப் பிரிவில் எங்கள் செயலி இருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

தாரணி ஹெட்செட்டோடு வராந்தாவுக்கு ஓடினாள். நானும் எத்திராஜும் பின்னால் போனோம். இரண்டு கார்கள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. அச்யுத் வாசலில் தனியாக நின்றார். ஹெட்செட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஈக பந்தா?" என்றார். பிறகு தமிழில், "இப்ப வந்து என்ன மேடம் செய்யறது? அவங்களுக்கு ரெண்டரை மணிக்கு ஃப்ளைட்."

"இன்னொரு தடவ வருவாங்களா சார்?" என்று எத்திராஜ் கேட்டார்.

"நோடோணா, பாக்கலாம். நான் மெயில் போடறேன்." அவர் எத்திராஜின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

தாரணி என் பக்கம் திரும்பினாள். "எப்ப சார் ஞாபகம் வந்துச்சு உங்களுக்கு?"

"கொஞ்சம் முன்னாடி. நிச்சயமா தெரியல. சந்தேகமா இருந்துச்சு."

"வாய தொறந்து ஒரு வார்த்த. அவ்ளோதான சார்? தப்பா இருந்தா திட்டிட்டு அடுத்தத பாத்திருப்பேன். நீங்க பாட்டுக்கு ஜன்னல பாத்துட்டு ஒக்காந்திருக்கீங்க!" ஹெட்செட்டை என் கையில் திணித்துவிட்டு லேப்டாப்பை எடுத்துவர நடந்தாள்.

எத்திராஜ் என் கையிலிருந்து அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். இடது கையால் பட்டையை இறுக்கினார். வராந்தாவில் நின்றபடியே, இல்லாத மெஷினை நோக்கிக் கைகளை நீட்டினார். அதன் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து அவர் குரல் எனக்கும் கேட்டது.

"சந்தேகம் வந்தா கைய எடு. பக்கத்துல இருக்கறவன கூப்டு சொல்லு. தப்பா இருந்தாலும் பரவால்ல, சொல்லு."

அவர் அதை முழுக்கக் கேட்டார். பிறகு கழற்றினார்.

"கடியாரத்த பாத்துக்கினே இருந்தேன் சார்" என்றார். "நீங்க ஏதோ சொல்ல வந்து முழுங்கனீங்க. பெரிய ஆளு, யோசிக்கறாரு, கலைக்கக் கூடாதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

நான் ஹெட்செட்டை அவரிடமிருந்து வாங்கிப் பையில் வைத்தேன்.

அச்யுத் மூன்று மெயில் போட்டார். புனேயிலிருந்து பதில் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் எத்திராஜின் வேலை முடிந்தது. இப்போது சந்தாபுராவில் ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்தால் பேசுவார். அச்யுத் மைசூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார். தாரணி நான்கு மாதம் கழித்து வேறு நிறுவனத்துக்குப் போனாள். போகும் நாளில் என்னிடம் சொல்லிக்கொண்டாள், அதற்கு மேல் பேசவில்லை. ஜெயலட்சுமி அக்காவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. புதுப் பொருள் வந்தால் இன்றும் அவர்தான் தொட்டுத் தொடங்கிவைக்கிறார், ஆனால் கணக்கை ஹரிஷ் அலுவலகத்தின் பெயரில் போடுகிறார். செயலியை ஓசூரில் ஒரு தொழிற்சாலை வாங்கியது. எத்திராஜின் குரலை மாற்றவில்லை. நான் அடுகோடியில் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து வசனம் எழுதுகிறேன்.