உரிமையாளர் நேரில் வர வேண்டும்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்ற அன்றே என் வீட்டுக்காரருக்குச் சிறைவாசம் ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவது மாடி. பக்கவாதம் வந்ததில் கை தப்பியது, பேச்சு கொஞ்சம் இழுத்தது, ஒரு கால் மட்டும் அப்படியே விழுந்துவிட்டது. எதிர்ச்சாரியிலேயே பயிற்சிக்கூடம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அந்த நடைபழகும் கம்பி தெரியும். இந்த வருஷத்துக்குள் நடந்து பழகினால் கால் திரும்பும், விட்டால் விட்டதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருஷம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட்தான் ஓடவில்லை.

சங்கத்தின் செயலாளரைக் கேட்டால் "கம்பெனிக்கு எழுதியிருக்கோம், பார்ட்ஸ் வரணும்" என்பார். போன மாதமும் அதுதான், அதற்கு முந்தின மாதமும் அதுதான். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ரூல்ஸ். அவர் தரைத்தளத்தில் குடியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நான் நகராட்சி வரைக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி.

"லிஃப்ட் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டிருக்காங்களா இல்லையான்னு சங்கத்து ஃபைல்ல பாருங்கம்மா. பாக்குறதுக்கு வீட்டுக்காரங்களுக்கு உரிமை இருக்கு. ஒப்பந்தம் இல்லேன்னா, பாத்தவரு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். நாங்களே வந்து நிக்கிறோம்."

ஒரே ஒரு வரி. நான் பறந்துகொண்டு வந்து ரூல்ஸ் முன்னால் நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் பிரித்தார்.

"தாராளமா பாக்கலாம். ஆனா உரிமையாளர் நேர்ல வரணும். வீடு உங்க பேர்ல இல்லியேம்மா."

இல்லைதான். பத்திரம் பதியும்போது இரண்டு பெயரும் போடவா என்று கேட்டார்கள். "அவரு வேற நான் வேறயா?" என்று நானே பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவரும் சிரித்தார். அன்றைக்கு நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

"அவரால இறங்க முடியலன்னுதானேய்யா ஃபைலையே கேக்குறேன்? ஃபைலை மேல எடுத்துட்டு வாங்க."

"ஃபைல் ஆபீஸ விட்டு வெளிய போகக் கூடாதும்மா."

"சரி, எனக்கு லெட்டர் எழுதித் தருவாரு."

"லெட்டர் செல்லாது. பதிவு அலுவலகத்துல அதிகாரப் பத்திரம் போட்டுட்டு வாங்க. அதுக்கு அவரு அங்க நேர்ல போகணும்."

நல்லா இருக்கே கதை! வாயில் வந்ததெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். எனக்கு வாய் நீளம் என்று இந்தக் கட்டடத்துக்கே தெரியும். தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய வாய்.

கடைசியில் இரண்டாவது மாடி பிளம்பரும் அவர் தம்பியும்தான் முன்வந்தார்கள். "விடுங்கக்கா, தூக்கிட்டே போயிடுவோம். சார் என்ன பீரோவா?" என்றார் பிளம்பர். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, என் சேலையால் இடுப்பைக் கட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவர். இந்தக் கட்டடத்தில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். "இன்னிக்கு ரூல்ஸு தொலைஞ்சாரு சார்!" என்று தம்பி சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அழுகை வந்தது.

சங்கத்து ஆபீஸில் ரூல்ஸ் ஃபைலை மேஜைமேல் வைத்தார். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். உரிமையாளர் அல்லாதவர் உள்ளே வரக் கூடாதாம். போட்டோ எடுக்கக் கூடாதாம். ஃபைலைப் பார்ப்பதும் வருஷத்துக்கு ஒரு தடவைதானாம். "என்னவோ பண்ணிக்கங்க, அவரு கண்ணுக்குத் தப்பாது" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஃபைலைப் பிரித்தார். முதல் தாளில் விரலை வைத்தார்.

எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார் அவர். ஏமாற்றுகிறவன் கடைசி வரியில்தான் ஒளிந்திருப்பான் என்பார். அன்றைக்கோ, முதல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி அதே வரியின் ஆரம்பத்துக்கு வந்தது. கண் நகரவே இல்லை. நெற்றியெல்லாம் வேர்த்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் முதல் தடவை படுக்கை நனைந்தபோது அப்படித்தான் பார்த்தார்.

கடவுளே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து தினமும் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே. என்ன விசேஷம் என்று கேட்டால், "அதே கதைதான்" என்பாரே. நானும் மெஷினை மிதித்துக்கொண்டே, ஆமாம், உலகத்தில் என்ன புதுசாக நடந்துவிடப் போகிறது என்று விட்டுவிடுவேன்.

"பாத்தாச்சா சார்? ஏதாவது ஆட்சேபணை?" என்றார் ரூல்ஸ்.

என் பின்னால் பிளம்பரும் தம்பியும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் தாள்களை ஒன்றொன்றாகப் புரட்டினார். கடைசித் தாள் வரை புரட்டினார். ஃபைலை மூடினார்.

"எல்லாம்... சரியா இருக்கு."

"சரியா இருக்கா?" என்று பிளம்பர் என்னைப் பார்த்தார்.

பக்கவாதத்துக்கு அப்புறம் அவருக்குப் படிக்க வரவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அந்த ஆளுக்கு முன்னால், சுமந்துவந்த பிள்ளைகளுக்கு முன்னால், அவரிடம் மிச்சமிருந்ததையும் நானே பிடுங்கிப் போட்டதாகும். இந்த நீள வாயை அன்றைக்குத்தான் மூடினேன்.

ரூல்ஸ் ஒரு தாளில், ஆவணங்களைப் பார்வையிட்டார், திருப்தி, என்று எழுதி நீட்டினார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்று மட்டும் அப்படியே வந்தது, சுழியும் வாலும் அடிக்கோடுமாக.

மறுபடியும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பிளம்பர் மூச்சு வாங்கிக்கொண்டே, "சாருக்கே திருப்தின்னா அப்புறம் என்னக்கா, நாமதான் சும்மா சந்தேகப்பட்டுட்டோம்" என்றார். ஆமாம் என்றேன்.

நாற்காலியைக் கட்டிலருகே இறக்கி வைத்துவிட்டு இருவரும் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கிப் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து இடுப்பில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல... என்ன போட்டிருந்துச்சு?"

என்னைக் கேட்கிறார். அந்த ஆபீஸ் வாசப்படியைத் தாண்ட விடாத என்னை.

"தெரியலீங்க," என்றேன். "இனிமே அடுத்த வருஷந்தான்."