அமிர்தவல்லி கை ஊன்றுகிற வாக்கியம்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை; ஒட்டுக்கேட்டேன். எனக்குக் கதை முகமாக வராது, பேச்சாகத்தான் வரும். புதுச்சேரியில் பெத்தாங் ஆடும் மண் திடல் ஒன்றின் ஓரத்தில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு குரல்கள்.

"அண்ணி, இந்தாங்க. கயித்துல காந்தம் கட்டியிருக்கேன். பந்தை எடுக்க இனிமே நீங்க குனியவே வேணாம்."

"எனக்கு எதுக்குப்பா இது? நீயே இடுப்புல கட்டிக்கோ."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதை போயிருக்கும்.

(பெத்தாங் தெரியாதவர்களுக்கு: பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். ஒரு சின்ன மரப்பந்தை எறிந்துவிட்டு, அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புப் பந்துகளை வீச வேண்டும். வீசுகிறவர் ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். பந்து மண்ணைத் தொடுவதற்குள் வட்டத்துக்கு வெளியே கை பட்டால் அந்த வீச்சு செல்லாது. இந்த விதியை மறந்துவிடாதீர்கள். கதை இதன் மேல்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "அறுபத்தெட்டு வயதான அமிர்தவல்லி ஜன்னல் வழியே கடலை—"

வேண்டாம். முத்தியால்பேட்டையில் அவள் ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டு வெல்டிங் பட்டறை.

இரண்டாவது: "முதுமை என்பது—"

ஐயோ.

மூன்றாவது: போன பொங்கல் இறுதி ஆட்டத்தில் அமிர்தவல்லி சாய்ந்துவிட்டாள். இது நிற்கும்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீசுகிறவள். அப்படி வீசினால்தான் பந்து தாழ்வாகப் போய், உருண்டு, நினைத்த இடத்தில் நிற்கும். அன்றைக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. பந்து காற்றில் இருக்கும்போதே அவள் கை வட்டத்துக்கு வெளியே ஊன்றிவிட்டது. வீச்சு செல்லவில்லை, கோப்பை ரெட்டியார்பாளையம் அணிக்குப் போனது. ஜோடியாக ஆடிய கொழுந்தன் கோவிந்தராசு ஒரு வார்த்தை திட்டவில்லை. காந்தம் வாங்கி வந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இனிமே கலைச்செல்வனைச் சேத்துக்கலாம்னு இருக்கேன் அண்ணி. அவனுக்கு நாப்பது வயசு. நீங்க ஸ்கோர் சொல்லுங்க."

"இன்னும் ஒரே ஒரு ஃபைனல் குடு. அதுல என் கை மண்ணுல பட்டா, நானே வெளிய வந்து உக்காந்துக்கிறேன்."

3

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில், பெரியவர்களுக்கென்றே காலை ஆறரைக்கு யோகா வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் துர்கா, முப்பது வயதுப் பெண்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். "மூன்றே வாரத்தில் அமிர்தவல்லியின் முட்டி வலி பறந்தது" என்று எழுதினேன். முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அமிர்தவல்லியின் குரலே வந்துவிட்டது.

"மூணு வாரமா? மொத வாரம் பூரா நாற்காலியப் புடிச்சிக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னேன். அஞ்சு எண்றதுக்குள்ள சாஞ்சேன். படிக்கிறவங்கள ஏமாத்தாதீங்க."

"மாசக்கணக்கா இழுத்தா யாரு படிப்பாங்க?"

"இழுங்க. நான் இழுத்தேன்ல?"

சரி, இழுக்கிறேன். இரண்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்பது. பிறகு கால் அகட்டிக் கீழே இறங்கும் மாலாசனம், இரண்டு தலையணைகளின் மேல். எழும்போது மூச்சை மெதுவாக விட வேண்டும்.

"வலிச்சா நிறுத்திடுங்கம்மா. பக்கத்துல இருக்கிறவங்களப் பாக்காதீங்க."

"பக்கத்துல இருக்கிறது சுலோசனா. அவள முந்தாம எப்பிடிம்மா?"

ஐந்தாம் மாதம் ஒரு தலையணை போனது. அதற்குள் அமிர்தவல்லி சுவரைப் பிடிக்காமல் நின்றபடியே உள்பாவாடை கட்டத் தொடங்கியிருந்தாள். படுத்தால் விடியும்வரை தூங்கினாள். கண்டக்டர் நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, பஸ் படியில் தானே ஏறினாள். எட்டாம் மாதம் இரண்டாவது தலையணையும் போனது.*

* இதை எழுதும்போது நானும் நாற்காலியிலிருந்து கை வைக்காமல் எழுந்து பார்த்தேன். முடியவில்லை. நான் அந்த வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

4

பொங்கல். இறுதி ஆட்டம். எதிரில் அதே ரெட்டியார்பாளையம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, ஒரு புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை. கடைசிப் பந்து அமிர்தவல்லி கையில். கோவிந்தராசு சட்டைப் பையில் காந்தம்.

அவள் வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். நான் எழுதினேன்:

"அமிர்தவல்லி கை ஊன்றினாள்."

ஏன் எழுதினேன்? தோற்றால்தான் கதை ஆழமாக இருக்கும் என்ற பழைய கெட்ட பழக்கம். அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூச்சில் கவனமாக இருந்தாள். பேசியது கோவிந்தராசு.

"எங்க அண்ணி இன்னும் ஊனலீங்க. நீங்கதான் ஊனியிருக்கீங்க."

பார்த்தேன். என் இடது கை மேஜையை அழுத்திப் பிடித்திருந்தது. எடுத்தேன். அந்த வாக்கியத்தை அடித்தேன். தலைப்பில் மட்டும் இருக்கட்டும்.

5

குதிகால் இரண்டும் மண்ணில். கை பின்னால் போய் முன்னால் வந்தது. பந்து தாழப் பறந்து மண்ணைத் தொட்டு உருண்டது. அது உருளும்போதே அவள் மூச்சை விட்டுக்கொண்டு எழுந்தாள். மண்ணையும் தொடவில்லை, முட்டியையும் தொடவில்லை. இரண்டு கையும் காற்றில்.

"அண்ணி..."

"பந்தைப் பாருப்பா. என்னை ஏன் பாக்கிற?"

"அத அப்புறம் பாக்கலாம். அந்த க்ளாஸு எத்தன மணிக்கு?"

"ஆறரைக்கு. வரும்போது நாற்காலி ஒண்ணு எடுத்தாந்துடு. காந்தத்த வீட்டுல வச்சிட்டு வா."

பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. மரப்பந்தை முத்தமிட்டு நிற்பதாக ஒரு முடிவு எழுதியிருக்கிறேன். நாலு விரல் முன்னாடியே நின்றுவிடுவதாக ஒன்று. கூழாங்கல்லில் இடறித் திரும்புவதாக ஒன்று. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

வட்டத்துக்குள் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.