கேட்டவர் பெயர்

பள்ளிக்கூட மண்டபத்தில் யாரோ கம்ப்யூட்டர் குலுக்கல் பொத்தானை அழுத்த, சுவரில் இரண்டு பட்டியல் விழுந்தன. இடது பக்கம் வயலின் கற்கப்போகிற ஐம்பது பிள்ளைகள். வலது பக்கம் எதையும் கற்காமல் சும்மா இருக்கப்போகிற ஐம்பது பிள்ளைகள். திரைச்சீலைக் கடைத் தையல்காரி தன் இரட்டைப் பிள்ளைகளின் எண்களைத் தேடினாள். ரேடியோ இடது பக்கம். பூனை வலது பக்கம். அவள் எண்களை இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

மாற்றி விழுந்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? இரண்டும் பதினோரு நிமிட இடைவெளியில் பிறந்தவை. முதலில் வந்தவள் தொட்டிலிலேயே பேச ஆரம்பித்தவள், வாய் ஓயாது; அதனால் ரேடியோ. பின்னால் வந்தவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, அதனால் பூனை. ஆறு வயதில் ரேடியோ கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் உரக்கப் படித்து எல்லோர் உயிரையும் வாங்குவாள். பூனைக்கோ எழுத்து நிற்கவே நிற்காது. நேற்றுத் தெரிந்த எழுத்து இன்றைக்கு யாரோ எவரோ. இப்படியே போனால் தனி வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிக்கார டாக்டரம்மா பள்ளிக்கு வந்தாள். "சின்ன வயசுல இசை கத்துக்கிற பிள்ளைங்களுக்கு, சத்தத்தைப் பிரிச்சு அறியிற மூளைப் பகுதி நல்லா வளருதுன்னு நினைக்கிறோம். படிக்கிறதுக்கும் அது உதவலாம். உண்மைதானான்னு ரெண்டு வருஷம் பார்க்கப்போறோம்" என்றாள். தையல்காரி காதில் 'வளருது' விழுந்தது, 'படிக்கிறதுக்கு' விழுந்தது. 'நினைக்கிறோம்', 'உண்மைதானான்னு' எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோயின. பசித்தவள் காதில் சமையல் குறிப்பா விழும்? சாப்பாடுதான் விழும்.

பட்டியலைப் பார்த்த கையோடு அவள் டாக்டரம்மாவைத் தேடிப் போனாள்.

"டாக்டரம்மா, ரெண்டும் ஒரே மூஞ்சிதானே. எண்ணை மட்டும் மாத்திப் போட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "தேவைப்படுற பிள்ளைக்குன்னு பார்த்துக் குடுத்தா, அப்புறம் வித்தியாசம் இசையால வந்துச்சா, அம்மாவோட அக்கறையால வந்துச்சான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரிய வேண்டாம்மா. எனக்குப் பிள்ளை படிச்சாப் போதும்."

"ரெண்டு வருஷம் முடிஞ்சதும் அவளுக்கும் இதே வகுப்பு, இதே வயலின். இலவசம்."

இரண்டு வருஷமாம்! ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று ஊரே சொல்லும். இவர்கள் மட்டும் எட்டு வரைக்கும் பொறு என்கிறார்கள். விலகலாமா என்றால், இரட்டையில் ஒன்று விலகினால் மற்றதும் விலக வேண்டுமாம். கிடைத்ததையும் கெடுப்பானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

போட்ட பிறகுதான் கடைசி விதியைப் படித்துக் காட்டினார்கள். வயலின் பிள்ளை தினமும் வீட்டில் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். அந்நேரம் மற்றப் பிள்ளை காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு நோட்டும் கொடுத்தார்கள். நாள், நிமிடம், கேட்டவர், பெற்றோர் கையெழுத்து என்று நாலு கட்டம்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டே அறை. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே முகம் துடைத்துக்கொள்ள வேண்டும், அப்படிப்பட்ட சுவர். அவள் வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. சாயங்காலம் முழுக்க உள்ளறையில் தூங்குவார்; இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற மனுஷன். ஆகவே தினமும் ஆறு மணிக்கு தையல்காரி வீட்டுச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "யார் தட்டினாலும் திறக்காதே, அடுப்புப் பக்கம் போகாதே" என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டு, பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முதல் மாதம் நெஞ்சு கொதித்தது. பெற்ற தாய் பிள்ளையை மருந்திடம் கூட்டிப்போவாளா, மருந்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போவாளா? ஒரு நாள் பெருமழை. வெளியே இறங்க முடியாமல் முதல் மாடிப் படியில் நின்றார்கள். மேலேயிருந்து கீச்கீச்சென்று வயலின் கசிந்தது. பூனை தலையைத் தூக்கி அசையாமல் நின்றாள். தையல்காரி பதறிப்போய் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதைப் பொத்தினாள்.

"அம்மா, வலிக்குது."

"கொஞ்சம் பொறுடி தங்கம், இதோ முடிஞ்சிடும்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாளே தவிர, அரை மணி முடியும்வரை கையை எடுக்கவில்லை.

அடுத்த நாள்தான் அவளுக்கு வீம்பு வந்தது. இசையைத்தானே கேட்கக் கூடாது என்றார்கள், பலகையைப் படிக்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லையே! அன்றுமுதல் தெருவில் உள்ள கடைப் பலகைதான் பாடப் புத்தகம். மருந்துக்கடை, சலவைக்கடை, சாவி வெட்டுகிற பெட்டிக்கடை. நாளுக்கு ஒரு பலகை. எட்டினால் எழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எட்டாவிட்டால் காற்றில் எழுத வேண்டும். நாளைக்கு மறந்தால் நாளைக்கு மறுபடி. பூனைக்கு 'சாவி' பிடிபடவே ஒரு மாதம் ஆனது. பிடிபட்ட அன்றைக்கு அந்தச் சாவிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். ஒரு வருஷம் முடிவதற்குள் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கடை முன் நின்று, "பெண்களுக்குத் தனிக் கவனம்" என்று திக்காமல் படித்துவிட்டு, "அப்போ ஆம்பளைங்க மோதிக்கட்டுமா அம்மா?" என்று கேட்டாள். தையல்காரி நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரேடியோ கேட்காமலா இருந்தாள்? ஆரம்பத்தில் கேட்டாள். படியேறி வந்ததும் ஓடி வருவாள். "அம்மா, இன்னைக்குப் புதுசா ஒண்ணு வந்துடுச்சு, ஒரே ஒரு தடவை கேளேன்."

"பூனை இருக்காளேடி. கூடாது. அப்புறம் பார்க்கலாம்."

அந்த அப்புறம் வரவேயில்லை. வீட்டுக்காரர் ஒரு விடுமுறை நாளில், "இன்னைக்கு நான் பூனையக் கூட்டிட்டுப் போறேன், நீ வேணா உக்காந்து கேளு" என்றார். அவளுக்கு மனசு வரவில்லை. "நீங்க போனா அதுக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டு வருவீங்க, ஒரு பலகை படிக்க விட மாட்டீங்க" என்று தானே செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் திரும்பப் படுத்துவிட்டார். பள்ளியில் வயலின் பிள்ளைகள் வாசித்துக் காட்டிய அன்றைக்கும் அப்படித்தான். வலது பட்டியல் பிள்ளை உள்ளே வரக் கூடாது என்றார்கள். இவள் பூனையோடு மைதானத்தில் நின்றாள். உள்ளே போன வீட்டுக்காரர் நாற்காலியிலேயே குறட்டை விட்டாராம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ரேடியோ அழுகிற ரகமில்லை.

போகப்போக அவள் கேட்பதை நிறுத்தினாள். பேச்சும் குறைந்தது. அப்பாடா, புத்தி வந்துவிட்டது, வயலின் வேலை செய்கிறது என்று தையல்காரி சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டாளே, அதைச் சொல்ல வேண்டும்! பெயர் மட்டும் ரேடியோ என்றே இருந்தது. தினமும் திரும்பி வந்ததும் செருப்பு அலமாரிமேல் நோட்டை வைத்து, கடைசிக் கட்டத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடுவாள். மூன்றாவது கட்டத்தில் ரேடியோ இரண்டு முட்டை போட்டிருப்பாள். யாரும் கேட்கவில்லை, அதனால் முட்டை, சரிதானே என்று தையல்காரி நினைத்தாள். இரண்டு எதற்கு என்று நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் முடிந்தது. கடைசி அளவெடுப்புக்குப் போனார்கள். மூளை அசைவை அளக்கிற, கம்பி தொங்கும் துணித் தொப்பியை இரண்டு பேர் தலையிலும் மாட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் கீழே பசை வைத்து, சத்தங்களைக் கேட்கச் சொன்னார்கள். அப்புறம் படிக்கச் சொன்னார்கள். பூனை மூச்சு விடாமல் ஒரு பக்கம் படித்து முடித்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "என்னம்மா இது, பாயுறாளே! என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலை. நடந்தோம்."

"அப்போ வயலின்?" என்று தையல்காரியே மெதுவாகக் கேட்டாள். "என் மூத்தவளுக்கு மூளை வளர்ந்திருக்கா?"

"ஒரு பிள்ளையை வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. நூறு பேரோடதையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்." டாக்டரம்மா நோட்டைப் புரட்டினாள். "ஒரு நாள்கூட விடலை. விதியை இவ்வளவு சுத்தமாக் கடைப்பிடிச்ச வீடு உங்களோடதுதான்." புரட்டிய விரல் நின்றது. "இது என்ன, கேட்டவர் கட்டத்துல ரெண்டு ரெண்டு முட்டை?"

"யாரும் கேக்கலைல்ல, அதான்..." என்று தையல்காரி ஆரம்பித்தாள்.

"முட்டை இல்லை" என்றாள் ரேடியோ. தலையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. "அம்மாவோட வீட்டுச் செருப்பு."

"செருப்பா?"

"அதுதான் வீட்ல இருக்கும். அதைப் பார்த்து வாசிப்பேன்."

மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். டாக்டரம்மா நோட்டைத் தையல்காரி பக்கம் திருப்பினாள். முதல் வாரம் முழுக்க மூன்றாவது கட்டத்தில் 'அம்மா வரல' என்று இருந்தது. அடுத்த வாரம் 'அப்பா தூக்கம்'. அதற்கப்புறம் பக்கம் பக்கமாகச் செருப்பு. முதலில் வார் வைத்து, பட்டை வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். அப்புறம் வாரும் போய், பட்டையும் போய், வெறும் இரண்டு வட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தையல்காரியின் கையெழுத்து. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைத்தவள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். இப்போது யாரோடு போவது? எழுதினது பிள்ளை, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது இவள்.

வீட்டுக்கு வந்து இரண்டு தலையையும் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பசை லேசில் போகவில்லை. மணி ஆறு அடித்தது. இனி விதி இல்லை, நோட்டு இல்லை. தையல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூனையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசிடி கண்ணு. இன்னைக்கு நான் கேக்கறேன்."

ரேடியோ வயலினைத் தோளில் வைத்தாள். வில்லைத் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். ஒருதடவை இழுத்தாள், கதவுக்கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினாள்.

"பரவாயில்லை, தப்பா வந்தாலும் பரவாயில்லை" என்றாள் தையல்காரி.

"அம்மா." ரேடியோ தரையைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன். ஆள் இருந்தா எனக்குக் கை வர மாட்டேங்குது."

"நான் ஆளாடி? நான் உன் அம்மா."

"தெரியும். நீ போயிட்டு வா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்யலாம். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அணைத்துக்கொள்ளலாம். அவள் கெஞ்சினாள். தையல்காரி எழுந்து வாசலுக்குப் போய் வீட்டுச் செருப்பைக் கழற்றி, வெளிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். ரேடியோ பின்னாலேயே வந்து, குனிந்து, அந்தச் செருப்பை அறையைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

வெளியே இரண்டாவது படியில் தையல்காரி நின்றுவிட்டாள். பூனை கையைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. உள்ளே சுருதி சேர்க்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"இன்னும் போகலையா?"

"இதோ போறோம்டி."

கதவு மூடியது. தையல்காரி படி படியாக, செருப்பைத் தட்டித் தட்டி, மேலே கேட்கிற மாதிரி இறங்கினாள். சத்தமே போடாத பூனையும் புரிந்துகொண்டு காலை ஓங்கி ஓங்கி வைத்தாள். தெருவுக்கு வந்து தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் மூடியிருந்தது. பஸ் ஒன்று போனது, சலவைக்கடை இயந்திரம் ஓடியது. மூன்றாம் மாடியிலிருந்து எதுவும் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம்மா?" என்றாள் பூனை.

"அரை மணி" என்றாள் தையல்காரி.