நொச்சிக்குட்டையின் நீல நிறம்

ரிட்டயர் ஆகி ஐந்து வருஷமாகியும், யார் வீட்டுக்குப் போனாலும் ஜானகிராமன் காம்பவுண்டுச் சுவரை ஒரு கண் பார்த்து, "அரையடி வெளிய வந்திருக்கே" என்று சொல்லாமல் காபியைக் கையில் வாங்கமாட்டார். சர்வேயராக இருந்தவர். டிபார்ட்மெண்டில் யாருக்குப் பிரிவு உபசார விழா நடந்தாலும் மைக் அவர் கைக்கு வந்துவிடும். "இந்தப் புதுச்சேரியில நான் கால் வைக்காத கல்லு ஒண்ணு கிடையாது" என்பார். கூட்டம் கைதட்டும். அவர் உட்கார்ந்ததும், "டீக்கடையிலேயே உக்காந்து ஊரை அளந்த மனுஷன்" என்று பின்வரிசை சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழாததல்ல.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கே நோட்டீஸ் வந்துவிட்டது. கருவடிக்குப்பத்தில் அவர் கட்டிய வீடு, ஆவணப்படி, நொச்சிக்குட்டை என்ற நீர்நிலை. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

பழைய நில ஆவணங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ரிப்பன் வெட்டி, முந்திரி பக்கோடா கொடுத்து விழா எடுத்ததன் விளைவு இது. விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டியவர்களில் ஜானகிராமனும் ஒருவர்.

மூலக்குளத்தில் வாடகை வீட்டில் இருக்கும் மகள் சரிதா பேருக்கு அந்த வீட்டை எழுதி வைப்பதற்காகத்தான் பத்திரம் தயாராகிக்கொண்டிருந்தது. நோட்டீஸ் வந்ததும் எல்லாம் நின்றுபோயிற்று.

பதினான்காம் நாள் ஆபீசுக்குப் போனார். அதிகாரி வினோத்குமார், அவர் வயசில் பாதிகூட ஆகாத பிள்ளை, எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"கவலையே படாதீங்க சார். பிரெஞ்சுக்காரன் மேப்புல குளம் இருக்கு, சரி. அது நூறு வருஷத்துக் கதை, எப்பவோ தூந்துபோச்சுன்னு சொல்லிடலாம். ஆனா எண்பத்தாறு ரீசர்வேயில 'குட்டை உள்ளது, மாற்றமில்லை'ன்னு எழுதி ஒருத்தர் கையெழுத்து போட்டிருக்காரே, அதுதான் இடிக்குது."

"யாரு அது?"

"நீங்கதான் சார்."

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டே வரி எழுதிக் குடுங்க," என்றான் வினோத்குமார். "நான் ஸ்பாட்டுக்கே போகல, பழைய மேப்பைப் பார்த்து காப்பி பண்ணிட்டேன்னு. அந்த என்ட்ரி அடிபட்டுடும், வீடு பொழைச்சுக்கும். ரிட்டயர் ஆயிட்டீங்க, உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"போகலைன்னு சொன்னா நம்புவாங்களா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க!" வினோத்குமார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "உடனே நம்புவாங்க."

அந்த 'உடனே'தான் முள்ளாகக் குத்தியது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ரெக்கார்டு ரூமுக்கு நடந்தார். கதவைத் திறந்ததும் பழைய வாசனை, துணிக்கட்டும் பூச்சி உருண்டையும் கலந்தது. அவரிடம் ஜூனியராக இருந்த நிர்மலாதான் இப்போது அங்கே எல்லாம்.

"தெரியும் சார், இங்கதான் வருவீங்கன்னு. ரெண்டு நாளா எடுத்து வெச்சிருக்கேன்." மேசைமேல் பிரெஞ்சு மேப்பை விரித்தாள். கையால் வண்ணம் தீட்டியது. தோப்புக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். எந்தத் துரையோ தூரிகையைத் தோய்த்துச் சீராக இழுத்திருந்த நீலம் இன்னும் வெளுக்கவில்லை. அதன் தென்கிழக்கு மூலையில்தான் ஜானகிராமனின் சமையலறை. மீதியில் லே-அவுட்காரன் விட்ட சிறுவர் பூங்கா. அங்கே ஒரு ஊஞ்சலும் நாலு நாயும் உண்டு, சிறுவர் கிடையாது.

"இதையும் பாருங்க." ஒரு சின்ன நோட்டை நீட்டினாள். எண்பத்தாறின் ஃபீல்டு புக், இடத்தில் நின்றே எழுதுவது. "இது ஸ்கேன் ஆகல சார். நனைஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டிருந்ததுன்னு தள்ளி வெச்சிட்டானுங்க. இது இருக்கறது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "கட்டுக்கு அடியில போயிட்டா எனக்கும் தெரியாது" என்றாள்.

அவர் திறந்தார். இருபத்து நாலு வயசுக் கையெழுத்து, அகம்பாவத்தோடு நிமிர்ந்து நின்றது. 'நீர் இடுப்பளவு. அல்லி உண்டு.' கீழே, அளவுச் சங்கிலி பிடித்த செயின்மேன் கன்னியப்பனின் கைநாட்டு, மை தண்ணீரில் பரவிப் பூ மாதிரி விரிந்திருந்தது.

அது எண்பத்தாறு தை மாசம். கரையில் நின்று கன்னியப்பன் சொன்னார்: "தம்பி, குத்து மதிப்பா எழுதிக்க. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"சர்வேன்னா சர்வேய்யா. இறங்கு."

"நான் இறங்குவேன். நீ பேண்ட்டு போட்டிருக்கியே!"

இளவயசு ஜானகிராமன் பேண்ட்டோடு இறங்கினான். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. நோட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தும் வழுக்கி விழுந்ததில் அதுவும் குளித்தது. கன்னியப்பன் சங்கிலியை விட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. அளந்து முடித்த பிறகும் இருவரும் கரையேறவில்லை. வேட்டியை வலையாக்கி கெளுத்தி பிடித்தார்கள். சாயங்காலம் கன்னியப்பன் வீட்டில் குழம்பு. முப்பத்தைந்து வருஷ சர்வீசில் முழுசாக வேலை செய்த நாள் எதுவென்று கேட்டால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். இரண்டாவது சட்டென்று வராது.

எட்டு வருஷம் கழித்து லாரி லாரியாக இடிசல் கொட்டித் தூர்த்து மனை போட்டபோது, அங்கே தண்ணீர் இருந்தது அவருக்குத் தெரியாதா? தெரியும். அப்ரூவல் இருந்தது, மூலை மனை வேறு. வாங்கிவிட்டார்.

"எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றாள் நிர்மலா மெதுவாக. "சரிதா பாவம்."

அவர் பேப்பர் கேட்டார். 'நான் ஸ்பாட்டுக்கு' என்று எழுதி நிறுத்தினார். வீடு, சரிதா, வாடகை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. கூடவே பின்வரிசைச் சிரிப்பும் வந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் அந்தச் சிரிப்புக்கு அரசாங்க முத்திரை விழுந்துவிடும்.

'நேரில் சென்றேன். குட்டை இருந்தது' என்று முடித்தார். நேர்மை என்று யாரும் மாலை போட வேண்டாம். நூற்றுக்கு எண்பது வீம்பு.

ஃபீல்டு புக்கையும் சேர்த்து மேசையில் வைத்தபோது வினோத்குமார் அவரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நெஜமாவே போனீங்களா சார்?"

"போனேன்."

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். போன் அடித்தது. சரிதா.

"நிர்மலா மேடம் எல்லாம் சொன்னாங்க. எழுதிக் குடுத்துட்டீங்களாப்பா?"

"குடுத்துட்டேம்மா. போனேன்னு."

"அப்ப வீடு?"

"போயிடும்போல இருக்கு. நீ திட்டறதை அப்புறமா திட்டு. எண்பத்தாறு, தை மாசம், கன்னியப்பன்னு ஒருத்தர்..."

"அப்பா!"

"கேளேன்."

அவள் போனை வைக்கவில்லை. அது போதும் என்று அவர் ஆரம்பித்துவிட்டார்.