கழிவறைப் பக்கத்து மேசை

"கல்யாணத்துக்கு அப்புறம் வாரத்துல மூணு நாளாவது வெளியிலதான் சாப்பாடு. பரவாயில்லையா?" நிச்சயமான மறுவாரம் அவர் கேட்டார்.

"அப்ப மிச்ச நாலு நாள் நீங்க சமைப்பீங்க, அப்படித்தானே?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

நகரத்தில் எங்கே சாப்பிடலாம், எங்கே போகலாம் என்று வாராவாரம் பத்திரிகையில் எழுதுவது அவர் வேலை. கடைக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரியக்கூடாது. தெரிந்தால் கவனிப்பு கூடிவிடும். நல்ல கடையெல்லாம் உனக்குத்தான் என்று அக்காவுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். அவளுக்கென்ன தெரியும்? நான் வாங்க வேண்டியதை அவர்தான் முடிவு செய்வார். முதல் வாய் அவருக்கு. பாதியில் தட்டு கைமாறும். நான் ருசித்து மெல்லும்போதே, "உப்பு?" என்பார். எங்கே போனாலும் கழிவறைப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்குவார். அங்கே உட்கார்ந்தவரையும் மதித்தால்தான் அது நல்ல கடையாம்.

ஆறு வருடமாக ஒன்று கேட்க நினைக்கிறேன். வேலையில்லாமல், சும்மா, என்னோடு ஒருநாள் வெளியே வரவேண்டும். கேட்க வாயெடுத்தால் சூப் வந்துவிடும்.

இன்று எங்கள் கல்யாண நாள். காலையிலேயே பூங்கொத்து கொடுத்தார். மறந்து தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மாலையில் புதுக் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். ஜன்னலோரம், ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேசை காலியாக இருந்தது. சர்வர் என் புது உடையைப் பார்த்துவிட்டு, ஏதாவது விசேஷமா என்று சிரித்தபடி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஆபீஸ் வேலையா வந்தோம். அந்தக் கடைசி மேசை போதும்."

உட்கார்ந்ததும் குனிந்து விளக்கம் வேறு. கல்யாண நாள் என்றால் கேக் அனுப்புவார்களாம், விழுந்து விழுந்து கவனிப்பார்களாம், எழுதுவதில் நேர்மை இருக்காதாம். அவர் நேர்மைக்காக, ஆறு வருட மனைவி நான் ஆபீஸ் ஆளாகிவிட்டேன்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்து மூடியபடி இருந்தது. கை உலர்த்தும் இயந்திரம் இரைந்தது. மீன் வந்தது. ஓரம் கருகியிருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அவர் நம்பாமல் ஒரு துண்டு பிய்த்துப் பார்த்து, மேசைக்கடியில் போனில் எதையோ தட்டினார். நான் மிச்ச மீனைச் சாப்பிட்டேன்.

கடைசியில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கேட்டார். "நீ சொல்லு. இங்க மறுபடி வரலாமா?"

கட்டுரையின் கடைசி வரிக்காகத்தான் கேட்கிறார் என்று தெரியும். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வரலாங்க. ஆனா அன்னைக்கு நீங்க எதையும் எழுதக்கூடாது. எப்படியிருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தைகூட கேக்கக்கூடாது. ஒரே ஒரு நாள், உங்க பொண்டாட்டியா மட்டும் என்னை வெளிய கூட்டிட்டுப் போங்க."