மாத்திரை தொடாத மாமணி

செல்லூர்ப் பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். நடக்கிறதற்கு எதற்குச் சங்கம் என்று முதல் நாளே கேட்டேன். "தனியா நடந்தா உடம்புக்கு மட்டும்தான் நல்லது பேயாண்டி அண்ணே, சங்கமா நடந்தா ஊருக்கே நல்லது" என்றார் தலைவர் சாய்குமார். ஊருக்கு என்ன நல்லது வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவருக்கு ஒரு மைக் கிடைத்தது.

ஆண்டுவிழாவில் சங்கம் ஒரு பட்டம் கொடுக்கும். 'மாத்திரை தொடாத மாமணி.' அறுபத்தைந்து வயது தாண்டியும் ஒரு மாத்திரைகூட விழுங்காத ஆளுக்கு. எனக்கு அது கிடைக்க வழியே இல்லை. மேலூர்ப் பக்கம் கல் குவாரி லாரி ஓட்டிப் பாழான உடம்பு. சர்க்கரைக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு என்று காலையில் ஒரு கை மாத்திரை, ராத்திரி ஒரு கை.

பட்டம் வருஷா வருஷம் துளசிராமுக்குத்தான். ஜவுளிக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு உடம்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவர். சௌராஷ்டிரக்காரர். அவரும் அவர் சம்சாரம் சீதாலட்சுமியும் அவர்கள் பாஷையில் சண்டை போட்டுக்கொள்வார்கள்; எனக்கு ஒரு வார்த்தை புரியாது, யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் புரியும். விடிந்ததும் ஒரு பெரிய செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் மடமடவென்று குடிப்பார். பிறகு பூங்கா வேப்பமரத்தடியில் தலைகீழாக நிற்பார். விழா மேடையிலும் நின்று காட்டுவார். ஊரெல்லாம் போஸ்டரில் அவர் கால்தான் மேலே இருக்கும்.

போன வருஷம் விழாவுக்கு முன்னால் சங்கத்தின் சார்பில் இலவசக் கண் பரிசோதனை வைத்தார்கள். பேனரில் கண் சின்னதாக இருந்தது, சாய்குமார் பெரிதாக இருந்தார். இலவசம் என்றால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கும். ஆனாலும் போனேன். என்ன வில்லங்கம் என்று போனால்தானே தெரியும்.

பவதாரிணி என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. கண்ணில் ஏதோ சொட்டு விட்டு மரத்துப்போக வைத்து, ஒரு கருவியைக் கண்மேல் லேசாகத் தொட வைத்துப் பார்த்தது.

"தாத்தா, உங்க கண்ணுல அழுத்தம் சரியா இருக்கு. ஆனா சர்க்கரை இருக்குறதால வருஷா வருஷம் வந்து காட்டணும்."

எனக்கே நம்பிக்கை வரவில்லை. இந்த உடம்பில் சரியாக இருக்கிற ஒன்று இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அடுத்து துளசிராம் உட்கார்ந்தார். டாக்டரம்மா இரண்டு தடவை தொட்டுப் பார்த்தது.

"சார், உங்களுக்கு அதிகமா இருக்கு. முப்பதத் தாண்டுது. இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும்."

துளசிராம் சிரித்தார். "மெஷின மாத்துங்கம்மா. எனக்கு பிரஷரே கிடையாது. வேணும்னா கையில கட்டிப் பாருங்க."

"அது ரத்தத்தோட அழுத்தம் சார். இது வேற. கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு ஊறுது, வடியிற வழி சரியில்ல. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒரு செம்புத் தண்ணி. அப்புறம் பத்து நிமிஷம் தலைகீழா நின்னேன். பரிசோதனைக்குப் போறோமே, உடம்பு சுத்தமா இருக்கட்டும்னு இன்னிக்கு ரெண்டு செம்பு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டது. "அம்புட்டுத் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சாலும் கண்ணுல அழுத்தம் ஏறும். தலைகீழா நின்னா இன்னும் ஏறும். ரெண்டும் இல்லாம நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போய்ப் படித்ததாலேயே மார்க் குறைந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். துணைக்கு இல்லை, ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க. தண்ணீரும் தலைகீழும் இல்லாமலே அழுத்தம் அதிகமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். துளசிராம் ஆர்வமாக அமுக்கினார். வெளியே வந்த தாளில் வலது கண்ணின் வெளி ஓரம் தார் ஊற்றியது போலக் கறுப்பாக இருந்தது.

"அந்தப் பக்கத்துப் பார்வை போயிருக்கு சார். போனது திரும்பாது. இருக்குறதக் காப்பாத்தலாம். தினம் ராத்திரி ஒரு சொட்டு, ஆயுசு முழுக்க. தலைகீழா நிக்கவே கூடாது."

"எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே!"

"ரெண்டு கண்ணும் தெறந்திருக்கும்போது ஒண்ணோட கொறைய இன்னொண்ணு மறைச்சிரும். வலிக்காது. அதான் ஆபத்து."

நான் குறுக்கே விழுந்தேன். "குப்பை உடம்பு எனக்கு ஒண்ணுமில்ல, பயில்வான் உடம்புக்கு இப்படின்னா, அப்ப நடக்குறது ஓடுறதெல்லாம் வீண்தானேம்மா?"

"வீண் இல்ல தாத்தா. நடக்குறது கண்ணுக்கும் நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுல இருந்தா கண்ணுக்கும் நல்லது. ஆனா உடம்பு நல்லா இருக்குன்னு கண்ணப் பாக்காம விடக் கூடாது. உங்களுக்கு இன்னிக்கு இல்லங்கிறதால நாளைக்கும் வராதுன்னு நெனைக்காதீங்க."

கிடைத்த இடைவெளியில் எனக்கும் ஒரு குத்து.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது துளசிராம் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, சொட்டு மருந்து... அதுவும் மருந்துக் கணக்குலதான் வருமா?"

"யோவ், கண்ணு போகுதுங்குறாக. நீ பட்டத்தப் பத்திக் கேக்குற."

"விழா முடியட்டும்ணே. முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே விட்டுக்கிறேன். யார்ட்டயும் சொல்லிராதீக."

விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு வாரம் கழித்து சீதாலட்சுமி போன் போட்டது. "அண்ணே, மருந்துப் பாட்டில் பிரிட்ஜுல தோசை மாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கெடக்கு. மூடி தெறக்கல. மொட்டை மாடில தலைகீழா நின்னு பழகுறாரு. பட்டம் போயிரும்னு இருக்குற பயம், கண்ணு போயிரும்னு வரமாட்டேங்குது. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்."

பட்டம்தானே தடை, அதைப் பிடுங்கிவிட்டால் போகிறது என்று முடிவு பண்ணினேன். நேரே சங்கத்துக் கமிட்டிக்குப் போய், "துளசிராமுக்கு டாக்டர் மருந்து எழுதிட்டாக. இந்த வருஷம் அவருக்குக் குடுக்கக் கூடாது" என்று போட்டு உடைத்தேன்.

சாய்குமாருக்கு வேர்த்துவிட்டது. "போஸ்டர் அடிச்சாச்சுண்ணே."

"கால மட்டும்தான அடிச்சிருக்கீக. யாரு கால்னு யாருக்குத் தெரியும்?"

குடைக்கடை அப்துல் ரசாக்தான் செயலாளர். கமிட்டியில் சட்டம் பேசுகிறவர். "கண்ணுல ஊத்துறது மாத்திரைன்னா, தலையில தேய்க்கிற எண்ணெயும் மாத்திரைதான் மாப்ள. பட்டத்துப் பேரு என்ன? மாத்திரை தொடாத மாமணி. சொட்டு தொடாத மாமணியா?"

ஓரத்தில் இருந்த ஓர் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப பாய், இன்சுலின் ஊசி?"

"அதுவும் மாத்திரை இல்ல."

"அப்ப நானும் மாமணிதானே?"

கடைசியில் தீர்மானம் போட்டார்கள்: வாய் வழியாக உள்ளே போவதே மருந்து, மற்ற வழிகளில் போவது சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. கைதட்டினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சேதி துளசிராமுக்குப் போனது. மறுநாள் பூங்காவில் என்னைக் கண்டதும் நின்றார். "ஒரு கை மாத்திரை திங்கிற ஆளுக்கு வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும்ணே" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். எல்லோரும் வலமிருந்து இடம். அவர் மட்டும் இடமிருந்து வலம். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை என்னைக் கடந்து, இரண்டு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விழா வந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சிறப்பு விருந்தினர் பாத்திரக் கடை முதலாளி சிவக்குமார். சாய்குமார் மைக்கில் ஆரோக்கியத்தைப் பற்றி மூச்சு வாங்கப் பேசினார். துளசிராமை மேடை நடுவில் போட்டோக்காரரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். சிவக்குமார் துளசிராமின் வலப்பக்கத்து ஓரத்திலிருந்து பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

துளசிராம் அசையவில்லை. நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். சிவக்குமாருக்குக் கை வலித்தது. ஆடை இறங்கியது. மறுபடி ஏற்றினார்.

பின்னாலிருந்து ஒருத்தன், "பொன்னாடையையே கண்டுக்கிற மாட்டேங்குறாரு பாரு, என்னா தெனாவெட்டு!" என்றான். கூட்டம் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று துளசிராம் சட்டென்று திரும்ப, முழங்கை போய் சிவக்குமார் மூக்கில் இடித்தது.

என்னால் உட்கார முடியவில்லை. "யோவ் துளசி! நேரா கேமராவப் பாத்து நின்னுக்கிட்டு இடது கண்ண மூடு!" என்று கத்தினேன்.

அதுவரை என்னோடு பேசாமல் இருந்த மனுஷர் என்ன நினைத்தாரோ, மூடினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, அதன் அடியில் இருந்தது எல்லாம் கழன்று விழுந்ததைப் பார்த்தேன். மேடையில் வலப்பக்கத்தைக் காணவில்லை அவருக்கு; சிவக்குமாரையும் காணவில்லை, பொன்னாடையையும் காணவில்லை. கண்ணைத் திறந்தார். மறுபடி மூடிப் பார்த்தார்.

இது எதுவும் தெரியாத சாய்குமார், "இப்போது நமது மாமணியின் தலைகீழ் ஆசனம்!" என்றார். பாய் விரித்தார்கள்.

துளசிராம் தரையில் விரித்த பாயைப் பார்த்தார். பிறகு கழுத்தில் கை வைத்தார். "கழுத்துப் பிடிச்சிருக்கு. முடியாது."

பதற்றத்தில் சாய்குமார் மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். "யோவ், யாராவது ஒரு மாத்திரை குடுங்கய்யா!"

மேடையில் இருந்த ஒவ்வொரு சட்டைப் பைக்குள்ளும் ஒரு கை போனது. ஒவ்வொரு கையிலும் ஓர் அட்டை வந்தது. வெள்ளை, பச்சை, சிவப்பு, பாதி தின்றது, புதுசு. சாய்குமார் கையிலேயே இரண்டு அட்டை. எடுத்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட்டையைத் திரும்ப உள்ளே வைப்பதா நீட்டுவதா என்று யாருக்கும் விளங்கவில்லை. கூட்டம் இந்த முறை சிரித்த சிரிப்பு வைகைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

துளசிராம் அப்துல் ரசாக்கிடம் கேட்டார். "பாய், உங்களுது எதுக்கு?"

"மூட்டுவலிக்கு" என்றார் பாய், தரையைப் பார்த்து.

"அதக் குடுங்க."

பிதுக்கி எடுத்து, எல்லோரும் பார்க்கிறாற்போல உயர்த்திக் காட்டி, வாயில் போட்டார். பாட்டில் தண்ணீரை ஒரே ஒரு மிடறு குடித்தார். "இனி நான் மாமணி இல்ல. வேற ஆளப் பாருங்க" என்று இறங்கினார். படியின் வலப்பக்க ஓரத்தில் கால் வைக்குமுன் நின்று, தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

சிவக்குமார் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் மைக் வைத்திருந்த ஆளுக்குப் போர்த்திவிட்டார்.

அன்று ராத்திரியே சொட்டு விட்டாகிவிட்டது என்று சீதாலட்சுமி சொன்னது. சொன்னால் நம்பிவிடுவேனா? இப்போதும் வாரம் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். காபி வருவதற்குள் பிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, காதோரம் ஆட்டிப் பார்ப்பேன்.

"என்னண்ணே, தேங்கா வாங்குற மாதிரி ஆட்டிப் பாக்குறீக?" என்பார் துளசிராம்.

"போன வாரம் பார்த்ததுக்குக் கொறையாம கூடியிருக்கே?"

"அது போன வாரத்துப் பாட்டில் இல்ல, புதுசு. பழசு குப்பைல கெடக்கு, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். கிடந்தது. காலியாகத்தான் இருந்தது.