நிலாவாரையும் அதன் சக்கையும்

பிரித்தெடுத்த சத்தையும் மிஞ்சிய சக்கையையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டினால் மறுபடியும் இலையாகிவிடுமா? அப்படியென்றால் என்னையும் ஒருநாள் யாராவது கிண்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள் காளீஸ்வரி.

எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு அருப்புக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்து ஒன்பது வருஷம். பட்டம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. இப்போதுதான் அதை வெளியே எடுத்திருந்தார்கள்.

மாமனார் சங்கரலிங்கம் திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் விளையும் நிலாவாரை இலையை வாங்கி விற்பவர். மலச்சிக்கலுக்கு அதை மாத்திரையாக்கலாம் என்று அவள் புருஷன் ஆனந்தகுமார் கிளம்பியதும் வீடு இரண்டுபட்டது. முழு இலைச் சாறுதான் மருந்து என்றார் அப்பா. வேலை செய்கிற சத்தை மட்டும் பிரித்தெடுத்தால் போதும் என்றான் மகன். தீர்ப்புக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொன்றை விழுங்கினார்கள். வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான்.

"ஏலே, கதவத் தெற! எனக்கு வேலை செய்யுது!"

"உள்ள ஒக்காந்திருக்கிறது யாரு? அப்ப நாந்தான செயிச்சேன்!"

காளீஸ்வரி கடிகாரம் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள். இரண்டு நிமிஷ வித்தியாசம். இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு லேபிள் வந்து இறங்கியது. மகனுக்குத் தெரியாமல் மாமனார் சிவகாசியில் 'முழு இலைச் சாறு' என்று ஐம்பதாயிரம் அடித்திருந்தார். அவருக்குத் தெரியாமல் மகன், சத்தை மட்டும் பிரித்தெடுத்த பொடியை வெளியில் வாங்கி டிரம் டிரம்மாக இறக்கியிருந்தான். இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்: பொடி வாங்கிய இடத்திலேயே சக்கையையும் வாங்கிவந்து கலந்துவிடுவது.

"எடுத்ததும் இருக்கு, மிச்சமும் இருக்கு. கூட்டிப் பாரு தாயி, முழு இலைதான?"

"நடுவுல எத்தனையோ கரைஞ்சு போயிருக்கும் மாமா. அது திரும்பி வராது."

"போனது போகட்டும்," என்றான் ஆனந்தகுமார். "நீ கையெழுத்த மட்டும் போடு. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

சோதனைச் சான்றிதழில் 'முழு இலை என்று ஆய்ந்து உறுதி செய்தவர்' என்ற வரிக்குக் கீழே அவள் பெயர், பட்டத்தோடு. அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் அப்படி எழுதியதில்லை. ஆசையாகத்தான் இருந்தது. எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். என்னிடமிருந்து கையெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மீதி என்னை எந்த டிரம்மில் போடுவார்கள்?

பேனாவை மூடி, புருஷனின் சட்டைப்பையில் செருகினாள்.

"நான் போடலங்க," என்றாள், குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்லும் குரலில்.